படுக்க முடியாத தண்டவாளம்: சென்ட்ரல் சுரங்க நிலையத்தை வாசித்தல்

1

சில மாதங்களுக்கு முன்பு சென்னையில் ஒரு நாவல் விமர்சனக் கூட்டம். பேச வந்த நண்பர் நாவலை விட்டுவிட்டு நகரத்துக்குப் போனார். தமிழ் நகரம் தனக்கான முதல் பொதுவெளியை இப்போதுதான் கண்டடைந்திருக்கிறது, சென்ட்ரல் சுரங்க மெட்ரோ நிலையத்தில் போய்ப் பாருங்கள், அங்கே யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை, எல்லாரும் ஒரே படிக்கட்டில்தான் இறங்குகிறார்கள் என்றார். கைதட்டினார்கள். டீ குடிக்க வெளியே வந்தபோது, மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கிய தலைமுறையைச் சேர்ந்த ஒரு பெரியவர் 'எல்லாம் போச்சு தம்பி, இப்ப எங்க பாத்தாலும் கண்ணாடிதான்' என்று சலித்துக்கொண்டார்.

இருவரும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தெரிகிறது. ஆனால் இருவரது பார்வையும் ஒன்றுதான். இருவருமே நிலையத்தை ஒரு காட்சியாகப் பார்க்கிறார்கள். ஒருவருக்குக் காட்சி பிடித்திருக்கிறது, மற்றவருக்குப் பிடிக்கவில்லை. நிலையத்தைப் பிரதியாக வாசிப்பது வேறு வேலை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அதன்மேல் நாம் எதை எழுத முடியும், எதை அழிக்க முடியும், எந்த இடத்தில் கை வைத்தால் அதிகாரத்துக்கு வலிக்கும் என்று கேட்கிற வேலை அது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

வாசிக்கிறவன் எங்கே நின்று வாசிக்கிறான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் கும்மிடிப்பூண்டித் தடத்தில், அத்திப்பட்டுப் புதுநகரில் ஏறுகிறவன். ஏறும்போது பின்னால் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கும். வண்டி எண்ணூர், திருவொற்றியூர் என்று வந்து மூர் மார்க்கெட் வளாகத்தில் முடியும். டிக்கெட்டில் எம்.எம்.சி. என்று சுருக்கமாக இருக்கும். திருவள்ளூர், ஆவடி வண்டிகளும் அங்கேதான் முடிகின்றன. 1900இல் திறக்கப்பட்டு, 1985 மே 30 அன்று தீயில் அழிந்த ஒரு சந்தையின் பெயரைத் தினமும் பல்லாயிரம் பேர் அறியாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். அந்த நிலத்தை ரயில்வே விரிவாக்கத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் தீ பிடித்தது. அது தற்செயலா என்ற சந்தேகம் பழைய கடைக்காரர்களின் பேச்சிலிருந்து இன்றுவரை போகவில்லை. கடைகளை அல்லிக்குளத்துக்கு அனுப்பினார்கள், அதற்காகக் குளத்தைத் தூர்த்தார்கள். சந்தை இருந்த இடத்தில் எங்கள் புறநகர் நிலையம் வந்தது. ஆகவே எங்கள் நிலையமும் கள்ளங்கபடமற்ற தரையின்மேல் நிற்பதில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எம்.எம்.சி.யை விட்டு வெளியே வந்து சில அடி நடந்தால் பூமி திறந்துகொள்கிறது. நகரும் படி கீழே கொண்டுபோகும். முதலில் டிக்கெட் தளம், அதற்குக் கீழே விமான நிலையத்துக்கும் விம்கோ நகருக்கும் போகிற நீலத்தடம், அதற்கும் கீழே பரங்கிமலைக்குப் போகிற பச்சைத்தடம். பரப்பு ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர், ஆழம் 28 மீட்டர் அளவு. 2018 மே 25 அன்று நேரு பூங்காவிலிருந்து இங்குவரை வண்டி ஓடத் தொடங்கியது. 2019 பிப்ரவரி 10இல் அண்ணா சாலைப் பக்கமிருந்து வண்ணாரப்பேட்டைக்குப் போகிற தடம் சேர்ந்தது. 1873இல் கட்டிய சிவப்பு சென்ட்ரல் மேலே மணிக்கூண்டோடு நிற்கிறது. முதன்முறை இறங்கிய எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் சொன்னது: 'இன்னா இது, ஏர்போர்ட் கணக்கா கீது.' அவர் விமான நிலையத்தைப் பார்த்தவர் இல்லை. பார்க்காத ஒன்றைப் போல இருக்கிறது என்று சொல்ல வைப்பதுதான் இந்தப் பிரதியின் முதல் வேலை.

2

தமிழ் அரசியல் வரலாற்றில் ரயில் நிலையம் என்பது வண்டி ஏறும் இடமாக மட்டும் இருந்ததில்லை. மூன்று போராட்டங்களை நினைவுபடுத்திக்கொள்வோம். மூன்றும் நமக்குத் தெரிந்தவை. ஆனால் மூன்றையும் ஒரே நிலையத்தின் மூன்று உறுப்புகளாகச் சேர்த்து வாசித்த கட்டுரை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

முதலாவது சாப்பாட்டு அறை. தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணாளுக்குத் தனியிடம், இதராளுக்குத் தனியிடம் என்று இருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் தொடர்ந்து எதிர்த்ததில் 1941இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. இரண்டாவது பெயர்ப்பலகை. 1952 ஆகஸ்ட் 1 அன்று திராவிடர் கழகத்தார் ரயில் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்தார்கள். மூன்றாவது தண்டவாளம். 1953 ஜூலை 15 அன்று, டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள்.

சாப்பாட்டு அறை, பலகை, தண்டவாளம். உட்காருமிடம், எழுத்து, ஓட்டம் என்றும் சொல்லலாம். எங்கோ லண்டனிலும் பிறகு டில்லியிலும் இருந்த அரசு, தமிழ்க் கிராமத்தான் ஒருவனுடைய கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது இந்த மூன்று இடங்களில்தான். சட்டசபையைத் தொட முடியாது. பலகையைத் தொடலாம். ஒரு டப்பா தாரும் ஒரு துணிச்சுருளும் போதும். தண்டவாளத்தில் படுக்க அதுகூட வேண்டாம், உடம்பு போதும். ஃபூக்கோவைப் படித்துவிட்டு அதிகாரம் எங்கும் பரவியிருக்கிறது என்று நாம் எழுதுகிறோம். எங்கும் பரவியிருக்கிற அதிகாரத்துக்குப் பிடி எங்கே இருக்கிறது என்பது படுத்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

திராவிட இயக்கத்தைப் புனிதப்படுத்த இதைச் சொல்லவில்லை. 1941இல் பிராமணாள் தனியிடம் போன பிறகும், ஊருக்குள் டீக்கடையில் தனித் தம்ளர் இருந்தது. நிலையத்தில் கிடைத்த சமத்துவம் நிலையத்தின் வாசல்வரைக்கும்தான் என்பதைத் தலித் விமர்சனம் சரியாகவே சுட்டியிருக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நிலையம் போராடக்கூடிய பொருளாக இருந்தது.

3

இப்போது கீழே இறங்கி, அதே மூன்று உறுப்புகளையும் தேடுவோம்.

உட்காருமிடம். நடைமேடையில் எஃகு இருக்கைகள் உண்டு, கொஞ்சமாக. சில நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறபோது உட்கார என்ன தேவை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் நிலையங்களில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வண்டிக்காக உட்கார்ந்தவர்கள் இல்லை. எதிரே அரசு பொது மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வந்தவர், மறுநாள் காலை மேஸ்திரியைப் பார்க்க வேண்டியவர், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர், ஒடிசாவிலிருந்து இறங்கி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு விடிகாலை வண்டி பிடிக்க வேண்டியவர், எல்லாரும் உட்கார்ந்தார்கள், படுத்தார்கள். நிலையம் என்ற சொல்லிலேயே நிலைத்தல் இருக்கிறது. கீழே கட்டியிருப்பது நிலைக்க விடாத நிலையம். டிக்கெட் எடுத்து உள்ளே போனாலும் இவ்வளவு நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று கணக்கு உண்டு. காத்திருத்தல் அங்கே ஒரு பிழை. இயந்திரம் அதைக் கண்டுபிடித்து வாயிலை அடைக்கும்.

வேறொரு மாநிலத்தின் தலைநகரில், ஒரு சுரங்க நிலையத்தில் நான் பார்த்தது. கட்டட வேலைக்காரர்கள் இரண்டு பேர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். காவலர் வந்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. கையால் 'எழுந்திரு' என்று ஒரு சைகை. எழுந்துகொண்டார்கள். ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை. பிராமணாள் இதராள் என்று பலகை இருந்த காலத்தில் பலகையைக் காட்டிச் சண்டை போடலாம். சைகையோடு எப்படிச் சண்டை போடுவது? அந்தக் காவலரும் ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்குகிறவராகத்தான் இருப்பார். அவருக்கும் எட்டு மணி நேரம் நிற்கத்தான் அனுமதி.

எழுத்து. பெயரில் மேலேயும் கீழேயும் நடந்தவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 2019இல் மேலே இருக்கும் ரயில் நிலையத்துக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் பெயரை வைத்தார்கள். 2020 ஜூலை 31 அன்று மெட்ரோ நிலையத்துக்கும் அதே தலைவர் பெயர் அறிவிக்கப்பட்டது, அன்றைக்கே ஆலந்தூருக்கு அண்ணா, கோயம்பேடு பேருந்து நிலைய மெட்ரோவுக்கு ஜெயலலிதா. போராட்டமில்லை, தார் இல்லை, ஓர் அறிவிப்பு. ஜனங்கள் அதற்குச் சொன்ன பதில் 'சென்ட்ரல்'. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் 'சென்ட்ரல்' என்றுதான் சொல்கிறோம். மார்க் ஓஜே என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் பாரிஸ் மெட்ரோவைப் பற்றி 1986இல் எழுதிய சிறு நூலில், நிலையப் பெயர்களின் வழியே பயணி தன் வாழ்க்கையையும் நாட்டின் வரலாற்றையும் ஒருசேரக் கடக்கிறான் என்று சொன்னார். 1992இல் எழுதிய இன்னொரு நூலில் விமான நிலையம், நெடுஞ்சாலை, பேரங்காடி போன்றவற்றை 'இடமற்ற இடங்கள்' என்றார். அங்கே மனிதனுக்கு உறவுகள் இல்லை, ஒப்பந்தம் மட்டும் உண்டு, டிக்கெட்தான் அந்த ஒப்பந்தம் என்பது அவர் வாதம். சென்ட்ரல் சுரங்கம் இந்த இரண்டிலும் முழுதாக அடங்கவில்லை. ஒப்பந்தம் இடமற்ற இடத்துக்கு உரியது. பெயரோ நினைவால் பிதுங்குகிறது. ஆனால் அந்த நினைவு அரசாணையாக வந்த நினைவு. வாழ்ந்தவர்களின் நினைவு எம்.எம்.சி. என்ற மூன்றெழுத்தில் சுருங்கி மேலே கிடக்கிறது.

மேலே உள்ள சாலைக்குப் பெரியார் ஈ.வெ.ரா. பெயர். 2021 ஏப்ரலில் அதே சாலையின் பலகையில் 'கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு' என்று எழுதப்பட்டது. உடனே அதன்மேல் கறுப்பு மை பூசினார்கள். தரைக்கு மேலே 1952 இன்னும் முடியவில்லை. அதே மையை எடுத்துக்கொண்டு கீழே இறங்க முடியுமா? வாசலில் பையைச் சோதிப்பார்கள், கூரை முழுக்கக் கேமரா. அதற்கும் முன்னால் சட்டம் இருக்கிறது.

2002ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் இயக்கம், பராமரிப்புச் சட்டத்தை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? டில்லிக்காக எழுதப்பட்ட அந்தச் சட்டம் 2009இல் திருத்தப்பட்டு மற்ற நகரங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன் 62ஆம் பிரிவு, மெட்ரோவின் எந்தப் பகுதியிலும் எந்த வகையான ஆர்ப்பாட்டமும் கூடாது என்கிறது. ஆர்ப்பாட்டத்தில் நிற்கிறவர் கையில் செல்லுபடியாகும் டிக்கெட்டே இருந்தாலும் அவரை வெளியேற்றலாம் என்கிறது. அனுமதியில்லாமல் சுவரொட்டி ஒட்டுவதும் எழுதுவதும் வரைவதும் அதே பிரிவில் குற்றம். டிக்கெட் என்ற ஒப்பந்தத்தை ஓஜே சொன்னாரே, நம் சட்டம் அதையும் தாண்டிவிட்டது. வாய் திறந்தால் ஒப்பந்தமும் செல்லாது.

மூன்றாவது, தண்டவாளம். சென்னையின் சுரங்க நிலையங்களில் நடைமேடை விளிம்பில் தரையிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலே கண்ணாடித் தடுப்பு. வண்டி வந்து நின்ற பிறகுதான் அதன் கதவு திறக்கும். யாரும் தவறி விழாமல் இருக்க, தற்கொலைகளைத் தடுக்க, குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் வீணாகாமல் இருக்க என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மையான காரணங்கள். ஒரு உயிரைக் காப்பாற்றுகிற கதவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கதவு இன்னொரு வேலையையும் செய்கிறது. அந்தத் தண்டவாளத்தில் யாரும் படுக்க முடியாது. கல்லக்குடி அங்கே நிகழ முடியாது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 174ஆம் பிரிவு மறியலுக்கு இரண்டாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. அது செய்தவனைத் தண்டிக்கிற சட்டம். படுத்த பிறகு பிடிப்பார்கள், வழக்கு நடக்கும், வழக்கு மன்றமே மேடையாகும். கண்ணாடி தண்டிப்பதில்லை, செயலை நினைவிலிருந்தே எடுத்துவிடுகிறது. இந்த வித்தியாசம்தான் என் கட்டுரையின் மையம்.

4

இதற்குள் ஒரு தோழர் குறுக்கிடுவார்: 'அப்ப பழைய ஸ்டேஷன் நாத்தமும் கூட்டமும் உங்களுக்கு வேணுமா?' வேண்டாம். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்தால் நான் டீக்கடைப் பெரியவரோடு போய்ச் சேர வேண்டியதுதான்.

ரயில்வே சாதியின் அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைக்கும் என்று மார்க்ஸ் 1853இல் எழுதினார். அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் சொல்கிற அனுபவம் 1901இல் நடந்தது. அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடுப்பைப் பார்த்து உயர்சாதிப் பிள்ளைகள் என்று நினைத்த நிலைய அதிகாரி, மகர்கள் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறார். இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். ரயில் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது, நிலையம் அவர்களைக் காக்கவைத்து யார் என்று கேட்டது. காத்திருத்தலைப் பற்றி நாம் மெழுகிப் பூசிப் பேசுகிறபோது இதை மறந்துவிடக் கூடாது. காத்திருக்கும் அறை என்பது விசாரணை அறையாகவும் இருந்தது. அட்டையைத் தொட்டதும் திறக்கிற வாயில் பெயரையும் ஊரையும் கேட்பதில்லை. கூட்டத்தில் பேசிய நண்பரின் கைதட்டலுக்கு இங்கே ஒரு நியாயம் இருக்கிறது.

பெண்களின் பக்கமிருந்து பார்த்தாலும் அப்படித்தான். இரவு ஒன்பது மணிக்கு மேல் வேலை முடிந்து வரும் பெண், வெளிச்சமுள்ள இடத்தில் யாருடைய இடியும் இல்லாமல் நிற்பதை 'கண்காணிப்புச் சொல்லாடல்' என்று ஒரே வரியில் எழுதித் தள்ளுவது ஆண் விமர்சகனின் சொகுசு. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு மின்தூக்கி இருக்கிறது. பொது மருத்துவமனைக்குப் போகிற நோயாளி பெரியார் சாலையின் வாகனங்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடாமல், சுரங்கப் பாதையில் காசில்லாமல் கடந்துபோகலாம். இவை பெரிய விஷயங்கள்.

புதுமைப்பித்தனின் 'மகாமசானம்' கதையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். மவுண்ட் ரோடின் மாலை நேர நெரிசலில், மரத்தடியில் ஒரு பிச்சைக்காரன் செத்துக்கொண்டிருக்கிறான். நகரம் அவனைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு குழந்தை மட்டும் நின்று பார்க்கிறது. நகரத்தின் இரக்கமின்மையைச் சொல்கிற கதை என்று வகுப்பறையில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். இப்போது படிக்கும்போது எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அவனுக்குச் சாவதற்காவது ஓர் இடம் இருந்தது. அந்தச் சாவைப் பார்க்க ஒரு குழந்தைக்கு வாய்ப்பும் இருந்தது. சுரங்க நிலையம் இரக்கமற்ற இடமில்லை, மயங்கி விழுந்தால் உடனே ஆள் வரும். ஆனால் செத்துக்கொண்டிருக்கிறவன் அங்கே வந்து சேரவே மாட்டான். வடிகட்டல் படிக்கட்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே அங்கே உள்ள சமத்துவம், வந்து சேர்ந்தவர்களுக்குள் உள்ள சமத்துவம். 'யாரும் சாதி கேட்பதில்லை' என்ற நண்பரின் வாக்கியத்தோடு 'யார் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை' என்ற வாக்கியத்தையும் சேர்த்தால்தான் அது முழுமை பெறும்.

5

யார் வரவில்லை என்பதை எங்கள் தடத்திலிருந்து சொல்கிறேன்.

மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். அதற்கு ஒன்றிரண்டு நிலையம் போகலாம். மேலே எம்.எம்.சி.யில் அதே 10 ரூபாய்க்குத் திருவள்ளூர் வரை, 40 கிலோமீட்டருக்கும் மேல் போகலாம். இரண்டு நிலையங்களும் சில அடி தூரத்தில் இருக்கின்றன, இரண்டு பொருளாதாரங்களில் இருக்கின்றன. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் தொடக்கத்தில் பிள்ளைவாள் பிராட்வே எஸ்பிளனேடு மூலையில் நின்றபடி டிராமா, பஸ்ஸா, நடையா என்று கையிருப்பைக் கணக்குப் பார்ப்பாரே, அந்தக் கணக்கை எங்கள் ஆட்கள் தினமும் சென்ட்ரல் வாசலில் போடுகிறார்கள். பெரும்பாலும் நடை ஜெயிக்கிறது.

பணம் மட்டும் காரணமில்லை. பொன்னேரியில் ஏறுகிற பழவேற்காட்டு மீன்காரப் பெண்ணுக்கு எங்கள் வண்டியில் இடம் உண்டு. மூக்கைப் பொத்துகிறவர்கள் உண்டு, முணுமுணுப்பு உண்டு, பதிலுக்கு அவர் வாயும் உண்டு. மெட்ரோ சட்டத்தின் 60ஆம் பிரிவு 'அருவருப்பூட்டும் பொருள்' என்று ஒரு வகையை வைத்து, அதைக் கொண்டுவருவதைக் குற்றமாக்குகிறது. மீன்கூடை அந்த வகையில் வருமா? அவர் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்காமலே தெரியும் என்கிறார். எது அருவருப்பு என்று தீர்மானிக்கிற மூக்கு யாருடையது என்ற கேள்வியைத் தலித் இலக்கியம் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வி 28 மீட்டர் ஆழத்துக்கு இன்னும் இறங்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரைமேல் இருக்கிற நிலையம் பகலில் வெயிலில் வாழும். சுரங்க நிலையம் ஒரு நிமிடமும் மின்சாரம் இல்லாமல் வாழாது. விளக்கு, காற்று, படிக்கட்டு, வாயில், கதவு எல்லாம் மின்சாரம். வள்ளூரில் இருப்பது 1500 மெகாவாட் அனல்மின் நிலையம், மத்திய நிறுவனமும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து கட்டியது. எந்த யூனிட் எந்த விளக்கில் எரிகிறது என்று மின்தொகுப்பில் பிரித்துக் காட்ட முடியாது, நான் அப்படி ஒரு கோடு போடவும் இல்லை. ஆனால் நகரம் தன் அடிவயிற்றில் வெளிச்சத்தை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், எங்காவது கரி எரிய வேண்டும், எங்காவது சாம்பல் கொட்ட வேண்டும். எங்கள் பகுதி அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலப்பதை எதிர்த்து எண்ணூர் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். கூட்டத்தில் பேசிய நண்பர் 'புகையில்லாத பயணம்' என்றும் ஒரு சொல் சொன்னார். நான் ஏறுகிற இடத்துக்கு அவர் ஒருநாள் வரவேண்டும்.

எங்கள் வண்டி தாமதமாகும். விரைவு வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் வழிவிட்டு நடுவில் நிற்கும். நின்று நின்று பொறுமை போகிற நாளில் ஜனங்கள் இறங்கித் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தத் தடத்துக்கு மறியல் புதிதில்லை. அரை மணி நேரத்தில் அதிகாரி வருவார், பேசுவார், ஏதாவது ஒரு வாக்குறுதி கொடுப்பார். நிறைவேறுகிறதோ இல்லையோ, கும்மிடிப்பூண்டி தொழிலாளிக்கு அரசு அதிகாரி ஒருவர் முகத்துக்கு நேரே பதில் சொல்கிற நேரம் அது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் இப்போது 'எங்களுக்கும் மெட்ரோ வேண்டும்' என்ற குரல் எழுகிறது. எனக்கும் வேகமான, குளிர்ந்த வண்டி வேண்டும். அதை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கொடுக்கப்போவது என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

6

பிடியே இல்லாத நிலையமா, அப்படியென்றால் முடிந்ததா என்று கேட்டால், இல்லை.

2019 ஏப்ரல் இறுதியில் சென்னை மெட்ரோவின் நிரந்தர ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் அமைத்த சக ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து நடந்தது அது. ரயில் ஓட்டம் தடுமாறியது. வெளியிலிருந்து யாரும் தண்டவாளத்தை நெருங்க முடியாதபடி கட்டிய இடத்தில், உள்ளே இருந்தவர்கள் கையை எடுத்தவுடன் ஓட்டம் நின்றது. கண்ணாடிக் கதவு பயணிக்குத்தான் கண்ணாடி. அதைத் திறந்து மூடுகிற அமைப்பை ஓட்டுகிறவர்களுக்கு அது வெறும் இயந்திரம். நம் இலக்கியப் பத்திரிகைகளில் அந்தப் போராட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பை நான் பார்க்கவில்லை. நாமெல்லாம் அப்போது பின்நவீன நகரம் பற்றிக் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்திருப்போம். நானும்தான்.

ஆக, பிடி இடம் மாறியிருக்கிறது. பயணியின் உடம்பிலிருந்து தொழிலாளியின் கைக்கு. இரண்டுக்கும் நடுவே உறவு இருந்தால்தான் அதற்கு அரசியல் பொருள் உண்டு. பழைய நிலையத்தில் அந்த உறவு தானாக நடந்தது. போர்ட்டரும் டீ விற்பவரும் பயணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கீழே உட்கார பெஞ்சு இல்லை, பேச நேரமில்லை. துடைக்கிற பெண்ணும் காவலரும் நம் கண்ணில் சீருடைகளாக மட்டும் பதிகிறார்கள்.

செய்ய வேண்டியவை என்று எனக்குத் தோன்றுகிறவற்றைச் சொல்லி நிறுத்துகிறேன். 62ஆம் பிரிவைப் பற்றி விவாதம் தொடங்க வேண்டும். பொதுப்பணத்தில், மத்திய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி பங்கு வைத்து நடத்துகிற ஓரிடத்தில், டிக்கெட் வாங்கியவன் வாய் திறக்கக் கூடாது என்று எழுதியிருப்பதை எந்தக் கட்சியும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. 118 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள இரண்டாம் கட்டத்தின் வேலை நடக்கிற இந்த நேரத்தில்தான் இதைக் கேட்க வேண்டும், கட்டி முடித்தபின் கான்கிரீட்டோடு பேச முடியாது. சென்ட்ரலின் தரைத்தளத்தில், நோயாளியோடு வந்தவரும் வடமாநிலத் தொழிலாளியும் இரவு முழுக்கப் படுக்கக்கூடிய, தண்ணீரும் கழிப்பறையும் உள்ள இலவசக் கூடம் வேண்டும். மெட்ரோவும் புறநகர் ரயிலும் ஒரே கட்டணத்தில் இணைய வேண்டும், அந்தக் கட்டணம் மேலே உள்ள கணக்கில் இருக்க வேண்டும், கீழே உள்ள கணக்கில் அல்ல. கூடை தூக்குகிறவருக்கு ஒரு பெட்டி வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதைவிடச் சிறியது. சுரங்க நிலையத்தைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் அங்கே பணி முடிந்து சீருடையைக் கழற்றிவிட்டு மேலே ஏறி வருகிறவர்களோடு எம்.எம்.சி.வரை ஒருநாள் நடந்து பாருங்கள். கும்மிடிப்பூண்டி வண்டி எப்படியும் தாமதமாகத்தான் வரும். நடைமேடையில் செய்தித்தாளை விரித்து உட்காருவார்கள், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். பக்கத்தில் உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.